ஊரிகத்தில் தூசி பிடிக்கப் போனேன்

பங்காரப்பேட்டை ஸ்டேஷனில் இறங்கியதும் போர்ட்டர் ஒருவர் என் பெட்டியை ஒரு பக்கம் தூக்கிப் பார்த்துவிட்டு, "கிரைண்டராம்மா?" என்று கேட்டார். ரயிலில் ஏற்கெனவே நான்கு பேர் அதையே கேட்டிருந்தார்கள். முதல் ஆளிடம், இல்லை, இது காற்றில் இருக்கும் தூசியை உறிஞ்சும் மெஷின் என்று உண்மையைச் சொன்னேன். உங்கள் வீட்டில் அவ்வளவு தூசியா என்றார் அவர். அதற்குப் பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் கிரைண்டர் என்றே சொல்லிவிட்டேன். பேச்சைச் சீக்கிரம் முடித்துவைக்கிற பதில்தான் எனக்குப் பிடித்த பதில்.

காட்பாடிப் பக்கம் ஒரு தனியார் லேபில் நான் வேலை செய்கிறேன். பத்தாவது பாஸ். பாட்டில் கழுவுவேன், லேபிள் ஒட்டுவேன், கண்ணாடிச் சாமான் உடைந்தால் திட்டு வாங்குவேன். மெஷினோடு வெளியூர் போகிறவருக்கு அம்மை போட்டுவிட்டதால் இந்த முறை என்னை அனுப்பினார்கள். ஓடவிடவும் நிறுத்தவும் தூசி படியும் தாளை மாற்றவும் தெரிந்தால் போதும், யாரிடமும் பேச வேண்டியதில்லை என்று எங்கள் சார் சொன்னார். அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் ஒப்புக்கொண்டேன். ஜோலார்பேட்டையைத் தாண்டி நான் போனது அதுவே முதல் முறை.

ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு வண்டியில் பானிபூரி சாப்பிட்டேன். எங்கள் ஊரில் பானிபூரித் தண்ணீர் பச்சையாக இருக்கும். இங்கே குழாய்த் தண்ணீர் மாதிரி நிறமே இல்லாமல் இருந்தது. ஏமாற்றுகிறான் என்று நினைத்து ஒன்றை வாயில் போட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அத்தனை காரம். கண்ணால் பார்த்து எதையும் சொல்லக்கூடாது, டெஸ்ட் செய்துதான் சொல்ல வேண்டும் என்று எங்கள் சார் அடிக்கடி சொல்வார். கடைக்காரருக்கு அது தெரிந்திருந்தது.

நான் வந்த காரியம் இதுதான். கோலார் தங்க வயலில் சுரங்கம் மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. தங்கத்தை எடுத்துக்கொண்டு, அரைத்த கல்மாவை மட்டும் ஊரைச் சுற்றி மலை மலையாகக் கொட்டிவிட்டுப் போய்விட்டார்கள். தங்கத்தைப் பிரிக்க சயனைடு போட்டதால் ஊர்க்காரர்கள் அதை சயனைடு மேடு என்கிறார்கள். காற்று காலத்தில் அந்த மாவு பறக்கும். இந்த வருஷம் ஒரே ஒரு மேட்டுக்கு மட்டும் மண் போர்த்திப் புல் வளர்க்கப் பணம் வந்திருந்தது. அங்கே ஊரிகம் என்ற பகுதியில் தொழிலாளர் லைன் வீடுகளுக்கு எதிரே ஒரு மேடு இருக்கிறது. மைசூர் மைன்ஸ் பக்கம் இன்னொரு மேடு. அதன் அடிவாரத்தில் பெரிய மனிதர் ஒருவர் காலேஜ் கட்டிக்கொண்டிருந்தார். எந்த மேட்டுக்குப் புல் என்பதை அரசியல் கலக்காமல் விஞ்ஞானப்படி முடிவு செய்வது என்று பெங்களூரில் ஒரு கமிட்டி தீர்மானித்திருந்தது. அந்த விஞ்ஞானம் ஷேர் ஆட்டோவில் என் முழங்காலை இடித்துக்கொண்டே வந்தது.

மெஷினை எங்கே வைக்க வேண்டும் என்று சார் ஒரு மேப்பில் சிவப்புப் பேனாவால் குறித்துக் கொடுத்திருந்தார். காற்று வரும் திசை, மேட்டிலிருந்து தூரம் எல்லாம் கணக்குப் போட்டுக் குறித்த புள்ளி. போய்ப் பார்த்தால் அந்த இடத்தில் ஒரு பொதுக் கழிப்பறை இருந்தது, அதில் கரண்ட் இல்லை. மெஷினுக்கு நாள் முழுக்கக் கரண்ட் வேண்டும், மேலே திறந்த வெளி வேண்டும். லைனில் எல்லாம் தகரக் கூரை. லைன் முனையில் ஒரே ஒரு மொட்டைமாடி வீடு, அதில் மாடியிலேயே பிளக் பாயின்ட். அது வார்டு மெம்பருடைய வீடு. நாடு முழுக்க எத்தனையோ இடங்களில் காற்றை அளக்கிறார்கள். அது எங்கே வீசுகிறது என்று பார்த்து அளக்கிறார்கள் என்று நீங்கள் நினைத்திருந்தால், பிளக் பாயின்ட்டைப் பார்த்து அளக்கிறார்கள் என்பதை இங்கே பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

நான் தங்கியது மெம்பர் வீட்டுக்கு அடுத்த வீட்டில். கோதமி அக்காவும் அவர் கணவர் தர்மபாலன் அண்ணனும் மட்டும் இருக்கிறார்கள். சுவரில் புத்தர் படம், பக்கத்தில் அம்பேத்கர், அதற்குக் கீழே சுரங்கத்தில் போட்ட ஹெல்மெட். அண்ணன் சுரங்கத்தை மூடுகிற வரைக்கும் அண்டர்கிரவுண்டில் வேலை பார்த்தவர். கல்மாவு அவர் நெஞ்சில் இறங்கிவிட்டது. வாசலிலிருந்து ரோட்டுக்குப் போக இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறார். காற்று காலத்தில் முகத்தில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டுதான் தூங்குவாராம். இன்னும் தூசி உள்ளே போனால் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எதிர் மேட்டுக்குப் புல் வந்துவிட்டால் ஒரு வருஷமாவது துண்டு இல்லாமல் தூங்குவார் என்று கோதமி அக்கா, மெஷினை ஒரு அம்மன் சிலையைப் பார்ப்பது போல் பார்த்துக்கொண்டே சொன்னார்.

எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை தாள் மாற்ற வேண்டும் என்று நான் சொன்னதைக் கேட்டு அண்ணனுக்கு உடம்பில் தெம்பு வந்துவிட்டது.

"அப்போ ஷிப்ட்டுன்னு சொல்லு. பஸ்ட் ஷிப்ட், செகண்ட் ஷிப்ட், நைட் ஷிப்ட். இன்னா தங்கச்சி, மூணு ஷிப்ட்டும் இந்த மெஷின் ஒருத்தனே பாக்கறானா? யூனியன் ஒத்துக்குமா?"

அதன்பிறகு தாள் மாற்றும் நேரத்தை எனக்கு நினைவுபடுத்தும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். கீழே நின்று, சுரங்கத்து லிப்ட்டுக்குக் கூப்பிடுவது போல, கேஜ் வந்தாச்சு, ஏறு என்பார்.

வேறு மாநிலம் என்று பயந்துகொண்டு வந்தேன். கடைப் பலகை கன்னடம், பஸ்ஸில் கன்னடம். ஆனால் தெருவில் இன்னா, கீது, வூடு என்று என் சித்தி வீட்டில் கேட்கிற பேச்சு. இவர்களின் தாத்தாக்கள் எங்கள் வட ஆற்காட்டிலிருந்துதான் வந்தவர்களாம். அன்றைக்குக் களியும் கருவாட்டுக் குழம்பும். களியை எங்கள் வீட்டைவிட இறுக்கமாகக் கிண்டியிருந்தார்கள். சுரங்கத்தில் இறங்குகிற வயிற்றுக்கு ஏற்றபடி கிண்டிப் பழகிவிட்டது, இப்போது இளக்கமாகச் செய்தால் சாப்பிட்ட மாதிரியே இல்லை என்றார் அக்கா.

முதல் நாள் ஐந்து மணி நேரம் மெஷின் ஓடியது. பிறகு கரண்ட் போனது. டிரான்ஸ்பார்மர் வெடித்துவிட்டது என்றார்கள், பொழுது சாயும்வரை வரவில்லை. தாளைக் கழற்றிப் பார்த்தேன். வெள்ளைத் தாளில் சாம்பலும் மஞ்சளும் கலந்த மாவு, கோதுமை சலித்த சல்லடை போல. எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் வைத்தால் தாள் கறுக்கும், ஆனால் இப்படிக் கனக்காது. ஐந்து மணி நேரத் தாள் கணக்கில் சேராது என்பது விதி. கவரில் போட்டு மூடி வைத்தேன்.

இரண்டாம் நாள் காலையில் எழுந்தபோது மழை பெய்திருக்கிறது என்று நினைத்தேன். லைன் முழுக்க ஈரம். பெண்கள் வாசலோடு நிற்காமல் ரோட்டு வரைக்கும் குடம் குடமாக ஊற்றிக் கழுவிவிட்டிருந்தார்கள். சாக்கடை ஓரத்தில் சுண்ணாம்புப் பொடி தூவியிருந்தது. இரண்டு வீட்டில் வெள்ளைகூட அடித்துவிட்டார்கள். மெம்பர் தன் பங்குக்கு ஒரு டேங்கர் லாரியை வரவழைத்துத் தெருவுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். மாடிக்குப் போனேன். மாடியையும் கழுவியிருந்தார்கள். மெஷினைச் சுற்றி ஒரு ஈரப் புடவை கட்டியிருந்தது. வெயிலில் சூடாகிறதே, பாவம் என்று கோதமி அக்கா கட்டியதாம்.

விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. கம்பெனி காலத்தில் மாதம் ஒரு முறை சுகாதார இன்ஸ்பெக்டர் லைனுக்கு வருவார். எந்த லைன் சுத்தமோ அந்த லைனுக்குப் பெயர். முதல் நாளே தேய்த்துக் கழுவி, சுண்ணாம்பு தூவி, தலை வாரி நிற்பார்கள். காற்றைச் சோதிக்க மெஷின் வந்திருக்கிறது, கமிட்டி வரப்போகிறது என்றதும் கைகள் தாமாகவே துடைப்பத்தை எடுத்துவிட்டன.

"இன்ஸ்பெக்ஷன்னா எங்க லைன் எப்பவும் பஸ்ட்டு தங்கச்சி" என்றார் அண்ணன், மூச்சு வாங்கிக்கொண்டே. அவரும் ஒரு சொம்பு ஊற்றியிருந்தார்.

அன்று மூன்று ஷிப்ட்டுத் தாளும் பாக்கெட்டிலிருந்து எடுத்த மாதிரியே வெளியே வந்தன. ஊட்டியில்கூட அப்படி ஒரு காற்று கிடைக்காது. அவர்களுக்குப் புல் வேண்டும். புல் வேண்டும் என்றால் தூசி வேண்டும். அந்தத் தூசியைத்தான் விடிவதற்கு முன்பே எழுந்து கழுவித் தள்ளியிருந்தார்கள். நிறுத்துங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். என்னால் பஸ்ஸில் ஸ்டாப்பிங் வந்தால்கூட கண்டக்டரிடம் சொல்ல முடியாது.

சாருக்குப் போன் செய்தேன். தண்ணீர் தெளித்துவிட்டார்கள் சார் என்றேன். அதற்கு அவர், நமக்கு எடை மட்டும்தான் வேலை, தாளோடு நிரப்பி அனுப்புகிற பாரத்தில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் ஒன்றும் இல்லை என்று போட்டுவிடு என்றார். அந்தக் கட்டத்தை யாரும் படிக்கமாட்டார்கள் என்றும் சொன்னார். நான் லேபில் பதினோரு வருஷமாக அந்தப் பாரங்களை அடுக்கி வைக்கிறேன். எல்லாக் கட்டத்திலும் 'ஒன்றும் இல்லை'தான். எங்கள் வாணியம்பாடியில் தோல் தொட்டிகளால் ஊரே நாறும். கமிட்டி வருகிற அன்று மட்டும் நாறாது. அந்தப் பாரத்திலும் குறிப்பு ஒன்றும் இல்லை. யாரும் படிக்காத இடம் என்றதும் எனக்குத் தைரியம் வந்தது. நடந்ததைத் தமிழில் அப்படியே எழுதினேன். இங்கிலீஷில் எழுதும் அளவுக்கு எனக்கு வராது.

சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே கோதமி அக்காவிடம் சொல்லிவிட்டேன். நாளைக்குத் தெருவைக் கழுவாமல் இருந்தால் நல்லது, வாசல்கூடத் தெளிக்காமல் இருந்தால் இன்னும் நல்லது, காய்ந்து கிடந்தால்தான் உண்மையான தூசி தெரியும் என்றேன்.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார்.

"வாசல் காஞ்சி கெடந்தா அது எழவு வூடு. நெஞ்சுல மாவோட ஒரு மனுசன் உள்ள படுத்துனு கீறாரு. ஊருக்கு இன்னா சொல்லச் சொல்ற?"

நான் களியை உருட்டிக்கொண்டே இருந்தேன். அண்ணன் மட்டும், நல்லா சொன்ன போ என்று இருமிக்கொண்டே சிரித்தார்.

பக்கத்து வீட்டுச் சுவருக்குக் காது இருந்தது. மூன்றாம் நாள் காலையில் மெம்பர் என்னிடம் வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"இன்னா மேடம், மொதல்லயே சொல்லக் கூடாதா? தூசிதானே வேணும்? நான் தரேன்."

பத்து நிமிஷத்தில் ஒரு டிராக்டர் வந்தது. மாடிக்குக் கீழே காலி இடத்தில் அது வட்டமடிக்க ஆரம்பித்தது. மெம்பரின் ஆட்கள் இரண்டு பேர் மேட்டிலிருந்து மூட்டையில் மாவு கொண்டுவந்து டிராக்டர் சக்கரத்துக்கு முன்னால் கொட்டினார்கள். தர்மபாலன் அண்ணன் ஈரத் துண்டோடு உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவருக்காகத்தான் இவ்வளவும் என்று மெம்பர் ஜன்னல் வழியாக அவரிடமே விளக்கினார். நான் வேண்டாம் என்று சொன்னேன். டிராக்டர் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. அன்றைய தாள் ரொட்டி மாதிரி தடிமனாக வந்தது. குறிப்புக் கட்டத்தில் டிராக்டரையும் எழுதினேன், மூட்டைகளையும் எழுதினேன். கட்டத்தில் இடம் போதாமல் பின்பக்கம் திருப்பி எழுதினேன்.

நான்காம் நாள் கமிட்டி வந்தது. கமிட்டி என்றால் பெங்களூரிலிருந்து ஒரு மேடம், அவருக்குப் பின்னால் பைல் தூக்க இரண்டு பேர். எங்கள் சாரும் காட்பாடியிலிருந்து வந்தார். வருகிற வழியில் பஸ் பஞ்சராகி, கடைசி மூன்று மைல் தக்காளி வண்டியில் வந்ததால் சட்டையில் கறை. சமுதாயக் கூடத்தில் கூட்டம். லைன் பெண்கள் எல்லோரும் ஒரு பக்கம். காலேஜ் தரப்பில் டை கட்டிய நிபுணர் ஒருவர் இன்னொரு பக்கம். அவர்களும் தங்கள் மேட்டருகே ஒரு மெஷின் வைத்திருந்தார்கள், வேறு லேபுடையது. அது ஜல்லி கொட்டும் இடத்துக்கும் கலவை மெஷினுக்கும் நடுவே இருந்ததாகக் கேள்வி. அங்கே தூசி நிஜமாகவே மோசமாகத்தான் இருந்திருக்கும்.

தாள்களை லேபுக்குக் கொண்டுபோய் எடை போட்டால்தான் எண் வரும். கூட்டத்துக்கு அவ்வளவு பொறுமை இல்லை. எடை எதற்கு, நிறம் போதுமே. டை கட்டியவர் எங்கள் இரண்டாம் நாள் கவரை உயர்த்திக் காட்டி, இது பால் போல வெள்ளை, இந்த லைன் ஒரு மலைவாசஸ்தலம், இங்கே புல் எதற்கு என்றார். மெம்பர் மூன்றாம் நாள் கவரைப் பிடுங்கி உயர்த்தி, இது என்ன பாலா, கருப்பட்டியா என்றார். விஞ்ஞானம் ஆளுக்கொரு கையில் இருந்தது.

எங்கள் சார் எழுந்து, முறைப்படி இரண்டுக்கும் சராசரி எடுக்கலாம் என்றார். இரண்டு பொய்யைக் கூட்டி இரண்டால் வகுத்தால் என்ன வரும் என்று எனக்குத் தெரியவில்லை. பத்தாவதில் அது பாடத்தில் இல்லை.

மேடம் பாரத்தைப் புரட்டினார். பின்பக்கம் வரைக்கும் எழுத்து இருப்பதைப் பார்த்தார். இது என்ன என்று கன்னடத்தில் கேட்டார். மேடத்துக்குத் தமிழ் படிக்க வராது. மெம்பருக்கு வரும், ஆனால் வாங்கிப் பார்த்துவிட்டுக் கண்ணாடி எடுத்து வரவில்லை என்றார். டை கட்டியவர் அது முக்கியமில்லை என்றார். எங்கள் சார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

எழுதியவரே படிக்கட்டும் என்றார் மேடம்.

என் வாழ்க்கையில் இருபது பேருக்கு மேல் இருக்கிற இடத்தில் நான் வாய் திறந்ததில்லை. படித்தேன். முதல் நாள் ஐந்து மணி நேரம், யாரும் எதுவும் செய்யவில்லை, தாளில் மாவு. இரண்டாம் நாள் லைன் முழுக்கத் தண்ணீர், டேங்கர் இரண்டு நடை, மெஷினுக்கு ஈரப் புடவை. மூன்றாம் நாள் டிராக்டர், மாவு ஒன்பது மூட்டை. பக்கத்தில் இருந்த ஒருவர் வரிக்கு வரி கன்னடத்தில் சொன்னார். புடவை என்ற இடத்தில் கூடம் முழுக்கச் சிரித்தது. டேங்கர் இரண்டாம் நடையை நான் சொல்லியிருக்க வேண்டியதில்லை என்று மெம்பர் பிறகு வருத்தப்பட்டார்.

மேடம் சிரிக்கவில்லை. முதல் நாள் தாளைக் கேட்டு வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். இதைச் சேர்க்க முடியாதே என்று தனக்குத்தானே கன்னடத்தில் சொன்னார். பிறகு இரண்டு தரப்பும் மறுபடி மூன்று நாள் ஓட்ட வேண்டும் என்றார். காலேஜ் பக்கம் கலவை மெஷின் நிற்க வேண்டும், இங்கே டிராக்டர் கூடாது, டேங்கர் கூடாது, மூன்று நாளைக்குத் தெருவில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விழக்கூடாது, விழுந்தால் இந்த மேட்டை இந்த வருஷம் மறந்துவிட வேண்டியதுதான் என்றார். குறிப்புக் கட்டத்தை இந்த அம்மாவே எழுத வேண்டும் என்றும் சொன்னார். எங்கள் சார் கறைச் சட்டையோடு என்னைப் பார்த்த பார்வையில் பாராட்டு எதுவும் இல்லை.

கோதமி அக்கா எனக்கு முன்னால் நடந்து வீட்டுக்குப் போனார். அன்றைக்குச் சாப்பாடு இருந்தது, பேச்சு இல்லை.

மறுநாள் விடியற்காலை பஸ்ட் ஷிப்ட்டுக்குத் தாள் போட மாடி ஏறினேன். கீழே அக்கா வாளியோடு வாசலில் நின்றிருந்தார். கையை வாளியில் விட்டு எடுத்தார். விரலிலிருந்து தண்ணீர் வாளிக்குள்ளேயே சொட்டியது. பிறகு உள்ளே போய் வாளியை டிரம்மில் கவிழ்த்தார். லைனில் ஒவ்வொரு வீடாகப் பார்த்தேன். ஒரு வாசலும் நனையவில்லை.

அண்ணன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். காய்ந்த வாசலில் நட்ட நடுவில் போட்டு உட்கார்ந்தார். முழுக்கைச் சட்டை போட்டுத் தலை வாரியிருந்தார். உள்ளே போய்ப் படுங்களேன் என்று நான் மேலிருந்து சொன்னேன்.

"இருக்கட்டும் தங்கச்சி. போற வர்றவங்க பாக்கட்டும்" என்றார்.

பெங்களூர் வேலைக்குப் போகிறவர்கள் முதல் ரயிலைப் பிடிக்க அந்த வழியாகத்தான் ஸ்டேஷனுக்கு ஓடுவார்கள். டிபன் பையோடு வந்த ஒருவர் வாசலைப் பார்த்ததும் நின்றுவிட்டார். நாற்காலியில் இருப்பவரைச் சரியாகக் கவனிக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எப்போ?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லப்பா" என்றார் அண்ணன். "ட்ரெய்ன் போயிடும், நீ போ."

உள்ளே கோதமி அக்கா சிரிக்கிற சத்தம் கேட்டது. நேற்றிலிருந்து அக்காவிடமிருந்து நான் கேட்ட முதல் சத்தம் அதுதான்.

மேட்டிலிருந்து காற்று வர ஆரம்பித்தது. அண்ணன் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டார், எழுந்து போகவில்லை. நான் மெஷினை ஓடவிட்டேன். பாரத்தை எடுத்து, நேரம் எழுதி, குறிப்புக் கட்டத்தில் இப்படி எழுதினேன்: வாசல் தெளிக்கவில்லை. வீட்டில் யாரும் சாகவில்லை.